கிணற்றடித் தையற்காரி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



மன்னாரில் பறவையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் வங்காலைப் பூநாரைகளைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இன்று கொழும்பிலிருந்தும் வான் பிடித்து வந்து பார்க்கிறார்கள். நாங்கள் பேச வந்தது யாரும் பார்க்க வராத, தானும் எங்கும் போகாத ஒரு குருவியைப் பற்றி. தையற்காரக் குருவி. கதிர்க்குருவிகளின் சொந்தம், நிறை ஆறு முதல் பத்துக் கிராம்தான். உச்சியில் செம்பழுப்பு, முதுகில் பச்சை, வயிறு வெளிறல், எப்போதும் நிமிர்த்திப் பிடித்த வால். சத்தம் மட்டும் உருவத்துக்குப் பொருந்தாது. காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடி நின்றபோது கிணற்றடியிலிருந்து “டுவிட், டுவிட், டுவிட்” என்று விடாமல் கேட்குமே, அதுதான்.

1989 இல் நாங்கள் ஆண்டு ஒன்பது. தையல் அறைக்குப் பின்னால், பூவரசங் கன்றில், இடுப்பளவு உயரத்தில் அதன் கூட்டைக் கண்டோம். ஒரு பெரிய இலையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்திருந்தது. உள்ளே எருக்கலம் பஞ்சு. சில இழைகள் கழுதை மயிர் போலவும் இருந்தன. மன்னாரில் அதற்கு என்ன குறை!

தைப்பது பெண் குருவி. கூரிய அலகால் இலையின் ஓரத்தில் நுண்ணிய துளை இட்டு, பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ அதனூடே இழுக்கும். முடிச்சுப் போடுவதில்லை. வெளியே வந்த முனை பொருமிப் பரவி நிற்பதால் இழை திரும்ப உருவிப் போகாது. துளை மிகச் சிறியது, ஆகவே இலை வாடாது. இலையின் மேற்பக்கமே வெளியே தெரிவதால், பக்கத்தில் நின்றாலும் பச்சை இலை என்றுதான் நினைப்போம். நூல் நுனியில் முடிச்சுப் போடாவிட்டால் புள்ளி குறைக்கும் எங்கள் தையல் ரீச்சர் கன நேரம் குனிந்து பார்த்தார். “இவளுக்கு எத்தனை மாக்ஸ் போடுறது?” என்று கேட்டுச் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். கண்காட்சி வந்தது, நாங்கள் கொப்போடு வெட்டி எடுத்து மேசையில் வைத்தோம். உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. முதற் பரிசும் கிடைத்தது. தாய்க்குருவி இரண்டு நாள் கிணற்றடியில் நின்று கத்தியது. தண்ணீர் அள்ளப் போன எல்லோரும் கேட்டோம், ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பன்னிரண்டு நாள் அடைகாத்தால் பொரிக்கும், பிறகு இரண்டு கிழமையில் குஞ்சு பறக்கும் என்பதையெல்லாம் பின்னர்தான் படித்தோம்.

அடுத்த ஆண்டு யூனில் சண்டை திரும்பவும் தொடங்கியது. சிலர் மடுவுக்குப் போனோம், சிலர் இராமேஸ்வரம் இறங்கி மண்டபம் முகாமுக்கு. ஒக்டோபரில் எருக்கலம்பிட்டித் தோழிகள் புலிகளால் வெளியேற்றப்பட்டுக் கற்பிட்டிக்குப் படகேறினார்கள். கலைந்த கூட்டையும் எங்களையும் ஒப்பிட்டுப் பேச விரும்பவில்லை. கூட்டைக் கலைத்தவர்கள் நாங்கள்.

பல வருடம் கழித்து, லண்டனில் வாழும் எங்களில் ஒருத்தி இந்தக் குருவியின் கதையைத் தேடிப் படித்து எங்களுக்கும் எழுதினாள். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த யோன் கிடியன் லோட்டன், இங்கேயே பிறந்த பீற்றர் கோர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளை வரைவித்தார். லோட்டனின் படங்களை வைத்துத் தோமஸ் பெனன்ற் 1769 இல் வெளியிட்ட நூலில்தான் எங்கள் கிணற்றடிக் குருவிக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரில் உள்ள ‘சூட்டோரியஸ்’ என்ற இலத்தீன் சொல் உண்மையில் சப்பாத்துத் தைப்பவரைக் குறிப்பது, அது போகட்டும். பெனன்ற் எழுதியது வேறு: குருவி ஒரு காய்ந்த இலையைப் பொறுக்கி வந்து பச்சை இலையோடு தைக்கிறதாம், முட்டை வெள்ளையாம். நாங்கள் கண்ட கூட்டில் காய்ந்த இலை இல்லை. முட்டையில் செம்பழுப்புப் பொட்டுகள் இருந்தன. அவருடைய பிழை எங்களுக்குத் தெரிந்தது கூட்டைக் கையில் வைத்துப் பார்த்ததால். அதற்கு மூன்று முட்டை போனது.

இலங்கையில் இது மார்ச் முதல் மே வரையும், பிறகு ஓகஸ்ட், செப்ரெம்பரிலும் அதிகமாகக் கூடு கட்டும். நூற்றாண்டு மதிலுக்காகக் கிணற்றடியை ஓகஸ்டில் துப்புரவாக்கப் போவதாக அறிந்தோம். போன கிழமை போய்ப் பார்த்தோம். பூவரசு வேரிலிருந்து தளிர்த்து மூன்று கன்றுகளாக நிற்கிறது, பக்கத்தில் எருக்கலையும் உண்டு. செயற்குழு அந்த மூலையை மட்டும் ஒக்டோபர் வரை விட்டுவைக்க வேண்டும். சுணங்குவதால் மேசனுக்குக் கூடும் கூலியை எங்கள் வகுப்புத் தரும். பொருளாளரிடம் இன்றே கட்டிவிடுகிறோம்.