மருந்து அடிக்கும் முன் ஒரு படம் எடுங்க

(புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு முன்னேஸ்வரம் கும்பிட்டு, வழி நெடுகத் தென்னந்தோப்புகளைப் பார்த்து வந்தோம். தென்னைக்கு ஒரு எதிரி உண்டு. கருந்தலைப் புழு என்பார்கள். ஓலையின் அடியில் நூலும் எச்சமும் கலந்து கூடு கட்டி, பச்சையைச் சுரண்டித் தின்னும். மட்டை நெருப்பில் வாட்டிய மாதிரி காய்ந்துவிடும். வளர்ந்தால் அது சாம்பல் நிறமான ஒரு சின்ன அந்துப்பூச்சி. இந்த மாவட்டத்திலேயே, லுணுவிலயில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவகம், அந்தப் புழுவைக் கொல்லும் சிறு குளவிகளை வளர்த்துத் தோப்புகளில் விட்டிருக்கிறது.

நம்ம மலையிலும் இதே கதைதான். தேயிலையை நூலால் ஒட்டி உள்ளேயிருந்து தின்கிற சுருட்டுப்புழுவும் அந்துப்பூச்சி இனம்தான். 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். கொழுந்து தப்பியது. பின்னாளில் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற கடும் மருந்தை அடித்தார்கள். குளவி செத்தது, சுருட்டுப்புழு மறுபடி பெருகியது.

இப்போ நம்ம வீட்டுத்தோட்டத்துக்கு வருவோம். லயத்துக்குப் பக்கத்திலேயே கோவா, போஞ்சி போடுகிறோம். பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். பூச்சியைக் கண்டதும் மருந்து டாங்கியைத் தோளில் மாட்டாதீங்க. முதலில் போனை எடுத்து ஒரு படம் பிடிங்க. கோவாப் புழுவுக்குப் பக்கத்தில் அரிசி மாதிரி வெள்ளைக் கூடு இருந்தால் நசுக்காதீங்க. அது குளவியின் கூடாக இருக்கும். நம்ம கூலியில்லாத வேலைக்காரன் அவன்!

அந்துப்பூச்சி பார்க்க, அமாவாசையை ஒட்டிய மழையில்லாத இரவில் இஸ்தோப்பில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, முன்னால் பல்ப்பை எரிய விடுங்க. பூச்சி வந்து அமரும் வரை பொறுத்திருங்க. ஜூம் பண்ணாமல் போனைக் கிட்டக் கொண்டு போங்க. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அளவு தெரிய ஒரு ஐந்து ரூபாய்க் குத்தியைப் பக்கத்தில் பிடிங்க. திகதி, இடம், எந்தச் செடி என்று பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்க. மயிர்ப்புழுவை மட்டும் தொட விடாதீங்க. பார்த்து முடிந்ததும் விளக்கை அணைச்சிடுங்க. அதுகளும் தங்கள் வேலைக்குப் போகட்டும்.

அந்தப் படத்தை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்க. எது பகை, எது உறவு என்று தெரிந்த பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம். காசும் மிஞ்சும், பிள்ளைகளுக்கும் நல்லது.