கைபேசிப் பல்லூடகமும் அதன் ஆயுளும்



கைபேசித் திரையில் படமும் ஒலியும் எழுத்தும் ஒருங்கே இயங்குமாறு செய்யும் தொழிலை நாடும் பிள்ளைகள் இன்று பலர். அதற்குரிய கருவிகள் எவை, அவற்றை எங்கே கற்பது என்று கூறுவோரும் பலர் உளர். எந்தக் கருவி எப்போது நிறுத்தப்படும் என்னும் செய்தியைக் கவனிப்போரோ மிகச் சிலர். அச்செய்தியே முதலில் படிக்கத்தக்கது என்பதற்கு ஃபிளாஷ் லைட் என்னும் மென்பொருளின் வரலாறு ஒன்றே போதிய சான்று.

ஜப்பானில் என்.டி.டி. டோகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரியில் ஐ-மோட் என்னும் கைபேசி இணையச் சேவையைத் தொடங்கியது. 2003இல் அது வெளியிட்ட 505ஐ வரிசைக் கைபேசிகளில் மேக்ரோமீடியா நிறுவனத்தின் ஃபிளாஷ் இடம்பெற்றது. அசைபடக் கோப்பு ஒன்று 20 கிலோபைட்டைத் தாண்டலாகாது என்பது விதி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதனினும் நூறு மடங்கு பெரிதாக இருக்கும். அத்துணைச் சிறிய இடத்திற்குள் விளையாட்டையும் படக்கதையையும் அடக்கினர். படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், கோடு செல்லும் வழியையும் அதன் நிறத்தையும் மட்டும் குறித்துவைப்பதே அதன் உத்தி. வரைந்து காட்டுவது கைபேசியின் வேலை. சிக்கனத்தால் பிறந்த அழகு அது. இன்று இடம் மலிந்தபின் அச்சிக்கனம் அருகிவிட்டது.

2005இல் அடோபி நிறுவனம் மேக்ரோமீடியாவை வாங்கிற்று. நோக்கியா கைபேசிகளிலும் ஃபிளாஷ் லைட் பரவியது. 2007இல் வெளிவந்த டிவைஸ் சென்ட்ரல் என்னும் கருவி, பலவகைக் கைபேசிகளின் திரைகளைக் கணினியிலேயே காட்டிச் சோதிக்க உதவியது. கற்க நூல்கள், சோதிக்கக் கருவி, விற்கச் சந்தை என எல்லாம் இருந்தன.

அதே 2007இல் வந்த ஐஃபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதி, மின்கலச் செலவு, பாதுகாப்புக் குறை, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கும் தன்மை ஆகியவற்றைக் காரணங்களாகக் காட்டினார். (மூன்றாவது குற்றச்சாட்டை ஆப்பிள் நிறுவனத் தலைவரே எழுதியது சுவையான முரண்.) 2011 நவம்பரில், கைபேசி உலாவிகளுக்கான ஃபிளாஷை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என அடோபி அறிவித்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு முற்றிலும் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அதில் ஃபிளாஷ் கோப்புகள் ஓடாமல் தடுக்கப்பட்டன.

இம்முடிவைப் பற்றிய அறிவிப்பு 2017 ஜூலையிலேயே வந்துவிட்டது. மூன்றரை ஆண்டு அவகாசம் குறைவன்று. ஆயினும் அதனால் பயனடைந்தோர் மூலக்கோப்பைப் பேணி வைத்திருந்தோரே. வெளியீட்டுக் கோப்பு ஆக்கிய சோறு, மூலக்கோப்பு விதைநெல். மூலக்கோப்பும் தனியே பதிந்த குரலும் கையில் இருந்தால் புதிய வடிவத்திற்கு மாற்றிவிடலாம். வாடிக்கையாளரிடம் வெளியீட்டுக் கோப்பை ஒப்படைத்துவிட்டு மூலத்தை அழித்தவர்க்கு அவ்வழி இல்லை. முன்னோர் ஏடு சிதையுமுன் வேறோர் ஏட்டில் படியெடுத்தனர்; சிதைந்தபின் எடுக்க முயன்றவர்க்குக் கிடைத்தவை துண்டுகளே.

இன்றைய நிலை மேலானது. 2012இல் தரமாக வெளியான ஓபஸ் என்னும் ஒலிமுறை, நொடிக்கு 6 கிலோபிட் அளவிலும் இயங்கவல்லது. கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். 2014இல் எச்.டி.எம்.எல். 5 இணையத்தரமாக ஏற்கப்பட்டது. 2018இல் ஏ.வி. 1 என்னும் காணொளிமுறை வெளிவந்தது. ஆனால் பழைய கைபேசிகள் பலவற்றில் அதனை விரிக்கும் சில்லு இல்லை. ஆகவே 2003இல் வந்த எச். 264 வடிவில் ஒரு படியையும் சேர்த்து வெளியிடுவதே அறிவுடைமை. எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவசக் கருவி இம்மாற்றங்களைச் செய்துதரும். தமிழ் எழுத்தைப் படத்திற்குள் வரைந்து பதிக்காமல், யூனிகோடில் தனிக்கோப்பாக வைப்பது இன்றியமையாதது. படமாகிவிட்ட எழுத்தை எளிதில் தேடவோ திருத்தவோ பார்வையற்றோர்க்குக் கணினி வழியே படித்துக்காட்டவோ இயலாது.

பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் இயக்க ரஃபிள் என்னும் மென்பொருளைத் தன்னார்வலர்கள் உருவாக்கி வருகின்றனர். கோப்பு கையில் இருந்தால்தான் அது உதவும். ஐ-மோட் சேவையை 2026 மார்ச் 31 அன்று நிறுத்துவதாக டோகோமோ 2019இலேயே அறிவித்தது. அந்த 20 கிலோபைட் படைப்புகளுள் வேறெங்கும் படியெடுக்கப்படாதவை, யாரோ ஒருவருடைய மேசை அறையில் கிடக்கும் பழைய கைபேசியின் நினைவகத்தில் மட்டுமே எஞ்சியிருக்கக் கூடும்.