மருந்தும் மருந்துக்கு அப்பாலும்

(ஆலங்குளத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேச வல்லார் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். என்னை மட்டும் உடல்நலம் பற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்தார்கள். "பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டேன். "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள், அதுவே போதும்" என்றார்கள். ஆகவே கண்டதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் வட்டாரத்தில் மருந்து என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நோயைத் தீர்ப்பதும் மருந்து. வெடியில் நிரப்புவதும் மருந்து. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பிறந்தவர்க்கு இரண்டாவது பொருளே முதலில் நினைவுக்கு வரும். 2012 செப்டம்பரில் முதலிபட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் அந்த மருந்துக்கு இரையான உயிர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். விபத்தில் போன உயிரை நாளேடுகள் எழுதுகின்றன. ஆனால் சிறிது சிறிதாகத் தேய்ந்து போகும் உயிர்களை எவரும் எழுதுவதில்லை. இன்று நான் பேச விழைவது அவர்களைப் பற்றியே.

நம் தெருவில் ஒருவரைப் பார்த்து, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன, வேலைக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறேன்" என்பார். வேலைக்குப் போக முடிந்தால் அது நலம். படுத்துவிட்டால் அது நோய். இரண்டுக்கும் இடையே வேறு நிலை இருப்பதாக நம் மக்கள் எண்ணுவதில்லை. ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்னும் அச்சமே இந்த எண்ணத்தை வளர்த்தது. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டமோ, உடல், உள்ளம், சமுதாய வாழ்வு ஆகிய மூன்றும் நிறைவுற்றிருப்பதே நலம் என்றும், நோயில்லாதிருத்தல் மட்டும் நலமாகாது என்றும் வரையறுத்தது.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் வள்ளுவர் பெரிதும் பேசுவது உண்ணும் அளவையும் முறையையும் பற்றித்தான். முடிவில், மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் உண்டென்று வகுக்கிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவர் ஒன்று. இந்த நான்காவது பகுதியை நான் மறந்ததனால் நேர்ந்த இழப்பை உங்கள் முன் சொல்லியாக வேண்டும்.

அது 1979ஆம் ஆண்டு. நான் மதுரையில் கல்லூரியில் பயின்று கொண்டிருந்தேன். எனக்கு விடுதிக் கட்டணமும் நூல்களும் என் மூத்த அண்ணனின் கூலியிலிருந்து வந்தன. அவர் கல் உடைக்கும் வேலை செய்தார். ஓராண்டு விடுமுறைக்கு வந்தபோது அவர் இருமிக்கொண்டே இருந்தார். சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. அக்காலத்தில் ஓராண்டுக்கு மேலாக மருந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு மாதங்களில் இருமல் நின்றது. உடம்பில் சதை பிடித்தது. "இனி எதற்கு மருந்து? ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு நாள் கூலி போகிறதே" என்று நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டே நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. 1981ஆம் ஆண்டு சித்திரையில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அவ்விரண்டு ஆண்டுகளில் நான் அவருக்கு எழுதிய கடிதங்கள் பல. தேர்வைப் பற்றி எழுதினேன். பணம் வந்து சேர்ந்ததைப் பற்றி எழுதினேன். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கடிதத்திலும் கேட்டேனில்லை. வீட்டில் எழுத்தறிந்தவன் நான் ஒருவனே. அருகிலிருந்து கேட்டிருக்க வேண்டியவனும் நானே. அவர் கூலியால் நான் பட்டம் பெற்றேன். அந்தப் பட்டம் அவருக்கு ஒரு வேளை மாத்திரையை நினைவூட்டவும் பயன்படவில்லை.

பிற்காலத்தில் நான் படித்தறிந்த ஒரு செய்தி என் நெஞ்சை மேலும் வருத்தியது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை உணவும் ஓய்வும் நிறைந்த சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றொரு பகுதியினரைச் சென்னை ஏழைகளின் நெருக்கமான குடியிருப்புகளில் அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள். இருசாரார்க்கும் அதே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. குடிசையிலிருந்தவரும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர். இடைவிடாது மருந்து உட்கொண்டால் ஏழையும் பிழைப்பான் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது நம் தமிழகமே. என் அண்ணன் நோயுற்றது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்!

அப்படியானால் மருந்தே போதும், உணவு வேண்டியதில்லை என்று கொள்ளலாமா? அதுவும் தவறு. சார்க்கண்டு மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. காசநோயாளியின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு முதலியவற்றைக் கூடுதலாக வழங்கினார்கள். அவ்வீடுகளில் புதிதாக நோய் காண்போர் தொகை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மருந்து நோயாளியைக் குணமாக்குகிறது; உணவோ அவ்வீட்டிலுள்ள மற்றவரை நோய் அணுகாமல் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

உணவு என்றவுடன் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். நம் இல்லங்களில் கடைசியாக உண்பவர் யார்? மிஞ்சியதை உண்பவர் யார்? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியின் அடியைச் சுரண்டுபவரே சோகையால் தளர்ந்து போகிறார். விருதுநகரில் பிறந்த காமராசர், முதலமைச்சராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளின் பசியறிந்து 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். பிள்ளையின் பசியைப் பள்ளி அறிந்துகொண்டது. தாயின் பசியைக் குடும்பமே அறிய வேண்டும். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் கம்பும் இந்தக் கரிசல் மண்ணுக்கு அயலானவை அல்ல. அனைவரும் ஒருங்கே அமர்ந்து, இருப்பதைப் பகிர்ந்து உண்ணும் வழக்கம் வரட்டும்.

அடுத்து உழைப்பைப் பற்றி. பட்டாசு வேலைக்குச் செல்லும் இளைஞர்களே! அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த கையோடு உணவைத் தொடாதீர்கள். சோப்பிட்டுக் கழுவிய பின்பே உண்ணுங்கள். வேலை உடையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். நைலான் உடை தவிர்த்துப் பருத்தி உடையே அணியுங்கள். கூலி அதிகம் என்று ஆசை காட்டினாலும், கருந்திரியையோ மருந்தையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் உறங்கும் இடம் தொழிற்கூடம் ஆகலாகாது.

உங்களுக்குரிய உரிமையையும் அறிந்து கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளதா என்று கேளுங்கள். நோயுற்ற நாளில் ஊதியத்தின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய் போன்ற நெடுநோய்க்கு, உரிய நிபந்தனைகள் நிறைவுற்றால், 80 விழுக்காடு ஈராண்டு வரை கிடைக்கும். சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. ஒரு நாள் கூலிக்கு அஞ்சி உயிரைக் கொடுத்த என் அண்ணனைப் போன்றவர்க்காக ஏற்பட்ட சட்டம் இது. இதற்கான அடித்தளம் இடப்பட்ட காலத்தில் தொழிலாளர் துறையின் பொறுப்பில் இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் அமர்ந்திருந்தார். ஆலை வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் அவர் காலத்ததே. ஓய்வும் உடல்நலத்தின் ஒரு பகுதி என்பதை அவர் சட்டமாகவே ஆக்கினார்.

இனி உள்ளத்துக்கு வருவோம். உடம்பு வலித்தால் சொல்லுகிறோம். உள்ளம் வலித்தால் மறைக்கிறோம். இழிவுச் சொல் கேட்டுத் திரும்பிய இளைஞன் இரவெல்லாம் உறங்காமல் கிடக்கிறான். தேர்வில் தோற்ற பெண் எவரிடமும் பேசாமல் ஒடுங்குகிறாள். வெடிவிபத்தில் உற்றாரை இழந்தவர், சிறு ஓசைக்கும் திடுக்கிடுகிறார். இவர்களிடம், "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆண்களோ துயரத்தை மதுவில் கரைக்கப் பார்க்கிறார்கள். துயரம் கரைவதில்லை, குடும்பமே கரைந்து போகிறது. குடித்தவனை ஏசுவது எளிது. அவன் எதை மறக்கக் குடிக்கிறான் என்று அருகமர்ந்து கேட்பவர் எத்தனை பேர்? உளத்துயர் உற்றோர் பேசுவதற்கு 14416 என்னும் தொலைபேசி எண்ணை அரசு 2022 முதல் நடத்தி வருகிறது. கட்டணம் இல்லை. குறித்துக் கொள்ளுங்கள். அதற்கு முன், உங்கள் நண்பனே உங்களிடம் மனம்விட்டுப் பேசும்படி நடந்துகொள்ளுங்கள்.

இளைஞர்களே, நம் முன்னோர் கல்வியையும் மருத்துவத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் தேர்ந்த சித்த மருத்துவர். நாடி பார்த்த அதே கையால்தான் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார். தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அண்ணல் அம்பேத்கரோ நீரிழிவு நோயால் நெடுநாள் துன்புற்றார். அந்நிலையிலும் எழுதிக்கொண்டே இருந்து, 1956இல் தம் 65ஆம் வயதில் மறைந்தார். இன்னும் பத்தாண்டு அவர் வாழ்ந்திருந்தால் என்று எண்ணாத நாளில்லை. ஒருவர் உடல் அவர்க்கு மட்டும் உரியதன்று. அவரை நம்பி நிற்போர் அனைவர்க்கும் அதில் பங்கு உண்டு.

இன்று மருத்துவரும் மருந்தும் முன்போல் தொலைவில் இல்லை. 2022 சனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து கிடைக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சளிச் சோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்து உட்கொள்ள வேண்டிய காலமும் பெரும்பாலோர்க்கு ஆறு மாதமாகக் குறைந்துவிட்டது. வள்ளுவர் சொன்ன நான்கில் இரண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டன. நோயாளியும் நம்முள் இருக்கிறார். குறைந்திருப்பது அருகிலிருந்து பேணுபவர்தாம்.

ஆகவே கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வெள்ளி விழாவின் நினைவாகத் தெருவுக்கு ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணுமாக இருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் மருத்துவம் பார்க்க வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். யார் மருந்து உட்கொள்கிறார், எப்போது மறுசோதனை, யார் பல நாளாக வெளியே வரவில்லை, எவர்க்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லை என்பவற்றைத் தெரிந்து, மாலையில் ஒரு நடை சென்று விசாரித்து வரட்டும். தெரிந்ததை ஊரில் பரப்பாது காப்பதும் அவர்கள் கடமை. எவருக்கேனும் மருத்துவமனைக்குத் துணை வேண்டுமானால் உடன் செல்லட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தது. அந்த எழுத்து, வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் அண்ணனுக்குப் பயன்படட்டும். இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மருந்து சாப்பிட்டீர்களா?" நான் கேட்கத் தவறிய கேள்வி அது. எனக்காக நீங்கள் கேளுங்கள்.