சேலத்து நாட்குறிப்பில் சேர வேண்டிய நாள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் விடுதலை வரலாற்றில் நாம் மறவாமல் போற்றும் நாட்கள் பல உண்டு. கும்பெனிப் படையை எதிர்த்த தீரன் சின்னமலை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஆடிப்பெருக்கு வந்தால் இன்றும் அவருக்கு மாலை அணிவிக்கிறோம். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகிகளுக்கு நடைப்பாட்டு எழுதித் தந்தார். 1932இல் சிறையும் சென்றார். இந்த நாட்களுக்கு மண்டபம் இருக்கிறது, நினைவில்லம் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இடம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் இதே வரிசையில் வைத்துச் சொல்ல வேண்டிய இன்னொரு நாளும் சேலத்துக்கு உண்டு. அது 1950 பிப்ரவரி 11. அன்று நடந்ததைப் பொதுவில் நினைவுகூராதவரை நம் விடுதலை வரலாறு முழுமை பெறாது என்பதே இந்த உரையில் நான் முன்வைக்கும் வாதம்.

நடந்தது இதுதான். வெள்ளையர் கட்டிய சேலம் மத்திய சிறையில் அப்போது கம்யூனிஸ்ட் கட்சியையும் விவசாயிகள் சங்கத்தையும் சேர்ந்தவர்கள் ஏராளமாக அடைக்கப்பட்டிருந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தக் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. தங்களைக் குற்றவாளிகளாக அல்லாமல் அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கேட்ட அவர்களுக்கும் சிறை நிர்வாகத்துக்கும் இடையே மோதல் முற்றியது. பிப்ரவரி 11 அன்று சிறைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் இன்னும் பலர். நாடு குடியரசாகி அன்றைக்குப் பதினாறே நாட்கள் ஆகியிருந்தன. சட்டப்படியான வழியிலன்றி எவருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்று சொல்லும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு அந்தப் பதினாறு நாட்களாக நடைமுறையில் இருந்தது.

இறந்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்த நாளின் பொருள் இன்னும் விளங்கும். பெரும்பாலோர் அன்று சென்னை மாகாணத்தோடு இருந்த மலபாரைச் சேர்ந்த விவசாயிகள். அவர்களில் தளியன் ராமன் நம்பியார், ஓ.பி. அனந்தன் மாஸ்டர் ஆகிய இருவரும் கண்ணூர்ப் பக்கத்து காவும்பாயிப் போராட்டத்தோடு தொடர்புடையவர்கள். உலகப் போர் முடிந்து அரிசிக்குத் தவித்த காலத்தில், ஜமீன் வசமிருந்த மலைக்காட்டு நிலத்தில் பயிர் செய்யும் உரிமை கேட்டு அந்த ஊர் மக்கள் திரண்டார்கள். 1946 டிசம்பர் 30 அன்று மலபார் சிறப்புப் போலீஸ் அவர்களைச் சுட்டது. அப்போது நடந்தது வெள்ளையர் ஆட்சி. அந்த ஆட்சியை எதிர்த்து நின்றவர்களை விடுதலை பெற்ற நாடு சிறையில் வைத்திருந்தது. அதன் காவலிலேயே அவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். 1947 ஆகஸ்ட் 15 அவர்களுடைய சிறைக் கதவைத் திறக்கவில்லை. ஆகையால், அந்நியனை எதிர்த்ததோடு விடுதலைக் கதையை முடித்துவிட்டால் இவர்களைக் கதையின் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாமல் போகிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கிரீஸ் நாட்டின் அண்மைக்கால வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1940 அக்டோபர் 28 அன்று முசோலினியின் இறுதி எச்சரிக்கையை அந்த நாடு ஏற்க மறுத்துப் போரில் இறங்கியது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படை ஏதென்ஸுக்குள் புகுந்தது. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் தலைநகரில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். 1941 மே மாதம் மனோலிஸ் கிளெசோஸ், அப்போஸ்தோலோஸ் சாண்டாஸ் என்ற இரண்டு இளைஞர்கள் இரவோடு இரவாக அக்ரோபோலிஸ் குன்றில் ஏறி நாஜிக் கொடியை இறக்கினார்கள். 1944 அக்டோபர் 12 அன்று ஏதென்ஸ் விடுதலை அடைந்தது. அதன்பின் பிரிட்டிஷ் கட்டளையின்கீழ் அங்கே போன படைகளில் நான்காவது இந்திய டிவிஷனும் ஒன்று. ஆனால் விடுதலையை அடுத்து உள்நாட்டுப் போர் மூண்டது. ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய இடதுசாரிகள் ஆயிரக்கணக்கில் சிறைக்கும் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். கொடியை இறக்கிய கிளெசோஸுக்கே அவருடைய சொந்த நாட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகுதான் அது குறைக்கப்பட்டது. போர் தொடங்கிய அக்டோபர் 28 அங்கே தேசிய விடுமுறை. ஏதென்ஸ் விடுதலையான அக்டோபர் 12க்கு அந்தத் தகுதி இல்லை. எல்லோரும் ஒன்றாக நின்ற நாளைக் கொண்டாடுவது எளிது. அதற்குப் பின் ஒருவரை ஒருவர் என்ன செய்தார்கள் என்று கேட்க வைக்கும் நாளைக் கொண்டாடுவது கடினம். 1982இல்தான் கிரேக்க அரசு இடதுசாரி எதிர்ப்புப் படையினரையும் உள்ளடக்கிய தேசிய எதிர்ப்பியக்கத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. அதனால் அந்த நாடு உடைந்துவிடவில்லை.

இதற்கு எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நாஜி ஆக்கிரமிப்பின் கொடுமை எங்கே, ஒரு சிறைச் சம்பவம் எங்கே, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார்கள். கொடுமையின் அளவை நான் ஒப்பிடவில்லை. விடுதலைக்குப் பின் இரு நாடுகளும் எதை நினைவில் வைத்தன, எதை விட்டன என்பதையே ஒப்பிடுகிறேன். அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. 1948இல் நடந்த கல்கத்தா மாநாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி புதிய அரசைக் கவிழ்க்கும் பாதையைத் தேர்ந்தெடுத்தது. தெலங்கானாவில் ஆயுதப் போர் நடந்துகொண்டிருந்தது. சிறையிலும் கைதிகள் காவலர்களைத் தாக்கினார்கள் என்பதே அரசுத் தரப்பு. அப்படியிருக்க அரசைக் குறை சொல்லலாமா என்பது அந்த மறுப்பு. அந்தக் கட்சியின் அன்றைய பாதை தவறானது என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. கட்சியே 1951இல் அந்தப் பாதையை விட்டுத் தேர்தலுக்கு வந்தது. ஆனால் சுற்றிலும் மதில், கையில் ஆயுதமில்லை, வெளியே போக வழியில்லை என்ற நிலையில் இருப்பவனின் உயிருக்கு அவனை அடைத்து வைத்த அரசே பொறுப்பு. அவன் கொண்ட கொள்கை சரியா தவறா என்பதால் அந்தப் பொறுப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

பழைய புண்ணைக் கிளறினால் குடியரசின் மதிப்புக் குறையாதா என்றும் சிலர் கவலைப்படுவார்கள். அதே 1950இல் நடந்தவையே அதற்குப் பதில் சொல்கின்றன. சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தன் காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற சட்டப்பிரிவை 1950 மே 19 அன்று நீதிபதிகள் நீக்கினார்கள். ஒரு வாரம் கழித்து, சென்னை அரசு தடுத்து வைத்த இடதுசாரி இதழ் ஒன்றின் வழக்கில் அந்தத் தடையையும் நீக்கினார்கள். 1952இல் அதே கோபாலன் மக்களவைக்குள் உறுப்பினராக நுழைந்தார். சுட்டதும் குடியரசுதான், கேள்வி கேட்க இடம் தந்ததும் அதே குடியரசுதான். முதல் செய்தியை மறைத்தால் இரண்டாவதின் பெருமையும் சேர்ந்தே மறைந்துபோகும்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11 அன்று இடதுசாரி இயக்கத்தார் அந்த 22 பேருக்கும் அஞ்சலி செலுத்துகிறார்கள். அதை ஒரு கட்சியின் துக்கமாக விட்டுவிடுவது நியாயமன்று. சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டையைப் பார்க்க அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இந்த நாளையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். மாவட்ட வரலாறு எழுதுவோர் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். பெயர்களைப் பொறித்த கல்வெட்டு ஒன்றைப் பொது இடத்தில் நாட்ட மாநகராட்சி முன்வர வேண்டும். இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். ஆனால் இந்த மண்ணில் இறந்தவர்கள். அவர்களை நினைக்கும் கடமை சேலத்துக்கு உண்டு.