கிலாவேயாவின் விளிம்பில்

ஹவாய்த் தீவுகளில் பெரிய தீவிலுள்ள கிலாவேயா, கூம்பு வடிவ மலையை எதிர்பார்த்து வருபவரை முதலில் ஏமாற்றிவிடும். நீர்த்த எரிமலைக் குழம்பு நெடுந்தூரம் ஓடிப் படிந்து உருவான மலை அது. அதனால், 1,200 மீட்டருக்கு மேல் உயரமிருந்தும் கவிழ்த்த கேடயம்போல் தட்டையாகத் தெரிகிறது. உச்சிவரை காரிலேயே போய்விடலாம். அங்கே ஒரு பெரும் பள்ளம். அதற்குள் ஹலெமாவுமாவு என்னும் எரிவாய். ஹவாய் மக்களுக்கு அது பெலே என்ற தெய்வத்தின் இருப்பிடம். 1916-இல் அமைந்த ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குள் இந்த மலை இருக்கிறது.

2018-இல் கிழக்குச் சரிவில் நிலம் பிளந்து குழம்பு வெளியேறியது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. உச்சிக்கு அடியிலிருந்த குழம்பு வடிந்துபோகவே, பள்ளத்தின் தரை பல நூறு மீட்டர் உள்வாங்கியது. விளிம்பிலிருந்த அருங்காட்சியகமும் சேதமடைந்து மூடப்பட்டது. 2019-இல் அந்த ஆழத்தில் நிலத்தடி நீர் ஊறி ஏரியானது. மறு ஆண்டு டிசம்பரில் குழம்பு திரும்பி வந்து, ஏரியை ஆவியாக்கிவிட்டது.

2024 டிசம்பரில் தொடங்கிய வெடிப்பு விட்டுவிட்டு நிகழ்வது. சில மணி நேரம் தீயூற்று பீறிடும், சில வேளை 300 மீட்டரையும் தாண்டும். பிறகு நாட்கணக்கில் ஓய்வு. எனவே பயண நாளை முடிவு செய்வது மலைதான். 1912 முதல் இயங்கும் ஹவாய் எரிமலை ஆய்வகத்தின் அன்றாட அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதே விவரமான வழி.

பார்வையாளர் நிற்கும் இடங்களுக்குக் குழம்பு வருவதில்லை, அஞ்சவேண்டியது காற்றை. அதில் கலந்துவரும் கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமா நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. தலைமுடிபோன்ற கண்ணாடி இழைகளும் பறந்துவந்து கண்ணை உறுத்தும். விளிம்புப் பாறைகள் திடீரெனச் சரியக்கூடியவை என்பதால் வேலியைத் தாண்டக் கூடாது. இரவில்தான் தீயின் நிறம் எடுப்பாகத் தெரியும். ஆனால் வெப்பமண்டலத் தீவு என்று நம்பி மெல்லிய உடையோடு வந்தவர்கள், மழையும் குளிருமாக அங்கே நடுங்க நேரிடும். கைவிளக்கும் அவசியம்.

தீயூற்று ஓய்ந்திருக்கும் நாளில் வந்தவர்களுக்குக் கிலாவேயா இக்கி இருக்கிறது. 1959-இல் குழம்பு ஏரியாகக் கொதித்த அந்தப் பள்ளத்தின் இறுகிய தரைமேல் இன்று நடந்து போகலாம். பிளவுகளில் ஓஹியா மரங்கள் வேர்விட்டிருக்கின்றன.