எதிரெதிர் ஆசனங்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பூவாருக்கு வடக்கே, கோவளம் கடற்கரையில், 1970-ஆம் ஆண்டையொட்டிச் சடைமுடியும் வெறுங்காலுமாக வந்து தங்கிய 'ஹிப்பி' இளைஞரை நம் முதியோர் மறந்திரார். போரையும் பொருளாசையையும் வெறுத்து வீடு துறந்தவர்கள் அவர்கள். நாமோ கஞ்சாப் புகையை மட்டுமே கண்டோம். புகை இருந்ததும் உண்மையே!

அவர்தம் நாட்டிலேனும் அவர்களை அமரச் செய்து கேட்டனரா? கேட்டனர். 1968 செப்டம்பரில் வில்லியம் பக்லி, தமது 'ஃபயரிங் லைன்' என்னும் தொலைக்காட்சி வாத அரங்கில் ஹிப்பிகளைப் பற்றி உரையாட எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கை அழைத்தார். அவ்விளைஞர்களுக்குத் தந்தையெனக் கருதப்பட்டவர் அவர். மதுமயக்கத்தோடு வந்தமர்ந்து, தாம் பெறாத அப்பிள்ளைகளைத் தம்மவர் அல்லர் என்றே தள்ளினார். இளங்கவிஞர் எட் சாண்டர்ஸ் அதே மேடையில் இருந்தார். மறு ஆண்டு அக்டோபரில் கெரோவாக் மறைந்தார். அந்த வழக்கு தீரவேயில்லை.

நம்மவர்க்கும் விசுவின் 'அரட்டை அரங்கம்' வந்தது. 2006-இல் 'நீயா நானா' வந்தது. பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புண்டு. இங்கே பெற்றோரும் பிள்ளைகளும் எதிரெதிரே அமர்ந்து கண்ணீர் விடுவர், நாம் சோறுண்டபடி பார்ப்போம்.

மலையாளத்தில் பயிலும் என் பேத்தி ஒருநாள் கேட்டாள்: "தாத்தா, தமிழ் எனக்கு எதற்கென்று நான் எதிரே அமர்ந்து கேட்டால், முழுதும் பேச விடுவீர்களா?"

நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினேன்.