தகடு ஒன்று, சாட்சி நான்கு



கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் நடந்து போயிருப்பீர்கள். இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள். பித்தளை விளக்கு, தேக்குப் பெட்டி, கப்பல் கடிகாரம், எனாமல் விளம்பரப் பலகை என்று வாசல் வரை அடுக்கியிருக்கும். அவற்றில் சில உண்மையாகவே பழசு. சில, மண்ணில் புதைத்தும் அமிலத்தில் தோய்த்தும் வயசு ஏற்றப்பட்டவை. வாங்கும் ஆளுக்குக் கண் இருந்தால் பிழைத்தார்.

அந்தத் தெருவின் கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி யூதர் ஆலயம் இருக்கிறது. சேர மன்னர் பாஸ்கர ரவி, யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடுகள் அந்த ஆலயத்தாரின் பொறுப்பில் இருப்பவை. 2017 ஜூலையில் இஸ்ரேலுக்குப் போன பிரதமர் மோடி, அந்த நாட்டுப் பிரதமர் நெதன்யாகுவுக்கு இந்தச் செப்பேடுகளின் நகலைப் பரிசாகக் கொடுத்தார். அதை யாரும் போலி என்று சொல்லவில்லை. நகல் என்று சொல்லியே கொடுத்தார், நகல் என்று தெரிந்தே அவர் வாங்கினார்.

இன்று நான் பேசப்போவதும் ஒரு உலோகத் தகட்டைப் பற்றித்தான். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் இருக்கும் சேஸிஸ் எண் தகடு. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. ஆனால் வண்டியின் விலையில் பெரும்பகுதி அந்தத் தகட்டின் மேல்தான் நிற்கிறது. அது அசலா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் இந்த வண்டிகள் நம் பக்கம் ஏன் குறைவு என்று சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலைத் தூர்வாரிய மண்ணால் ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய வில்லிங்டன் தீவில் இன்றும் மட்டாஞ்சேரி வார்ஃப் என்றே ஒரு கப்பல் துறை இருக்கிறது. ஆஸ்பின்வால், பியர்ஸ் லெஸ்லி போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் கொச்சியில் வியாபாரம் செய்த காலத்தில் வெளிநாட்டு வண்டி துறைமுகத்தில் இறங்குவது அதிசயம் இல்லை. 1950-களின் நடுவில் கார் இறக்குமதி இறுகிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் தூதரக அதிகாரிகள் கொண்டுவந்தவை. அவர்கள் ஊர் திரும்பும்போது அரசு வணிகக் கழகமான எஸ்.டி.சி. வழியாக விற்கப்பட்டவையும் உண்டு. சரக்கு குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். அப்படி இருக்கும் இடத்தில் கள்ளமும் வரத்தானே செய்யும்?

கள்ளத்தின் சூத்திரம் எளிது. எங்கோ மட்கிப்போன ஒரு வண்டியின் தகடும் ஆர்.சி. புத்தகமும் கைக்கு வருகின்றன. வேறொரு வண்டியின் இரும்பில், அல்லது புதிதாகச் செய்த உடலில், அந்தத் தகட்டை ரிவெட் அடிக்கிறார்கள். தகடு அசல், காகிதம் அசல், வண்டி மட்டும் வேறு. அதனால்தான் சொல்கிறேன்: தகடு அசலா என்ற கேள்வி பாதிக் கேள்விதான். தகடு இந்த வண்டியினுடையதா என்பது மீதிப் பாதி.

இனி தகட்டுக்குக் கிட்டே போவோம். எம்.ஜி. நிறுவனத்தின் டி.சி. என்ற இரண்டு இருக்கை வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் சுமார் 10,000 வண்டிகள் செய்தார்கள். முதல் வண்டியின் எண் ஒன்று அல்ல, 0251. காரணம் வேடிக்கையானது: அந்தத் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251. இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே பல மாடல்களுக்கு அங்கே இதுதான் வழக்கம். ஆகவே டி.சி. 0100 என்று பொறித்த தகட்டை யாராவது காட்டினால், ரிவெட்டைப் பார்க்கவே வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

1962-ல் வந்த எம்.ஜி.பி.யின் எண் ஜி.எச்.என்.3 என்று தொடங்கும். ஜி என்றால் எம்.ஜி. எச் என்றால் 1400 முதல் 1999 சி.சி. வரையிலான எஞ்சின். என் என்றால் திறந்த இரண்டு இருக்கை வண்டி. 3 என்பது வரிசை. கூரை உள்ள ஜி.டி. மாடலுக்கு என் இருக்கும் இடத்தில் டி வரும். கூரையை அறுத்து, திறந்த வண்டி என்று விற்பவரை அந்த ஒரு எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

டிரையம்ப் கம்பெனி இதைக் கமிஷன் எண் என்று குறிப்பிட்டது. டி.ஆர்.2, டி.ஆர்.3 வண்டிகளுக்கு முன்னெழுத்து டி.எஸ்., டி.ஆர்.4-க்கு சி.டி. கடைசியில் எல் இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங், ஓ இருந்தால் ஓவர்டிரைவ். தகட்டில் எல் இருந்து ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால், யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். ஜாகுவாரும் அப்படியே. எக்ஸ்.கே.120 திறந்த வண்டியில் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு 660001-லிருந்தும், இடப்பக்கத்துக்கு 670001-லிருந்தும் எண்கள் தொடங்கின.

எண் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, தகட்டைத் தொடாமல், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலத்து எண்களில் பெரும்பாலானவை இரும்பு அச்சை (பஞ்ச்) வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தவை. ஒரு 3 கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், ஒரு 7 சாய்ந்திருக்கும், ஒன்று ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் விழுந்திருக்கும். எல்லா எண்ணும் ஒரே ஆழத்தில், நூல் பிடித்தாற்போல் நின்றால், லேசர் இயந்திரம் நினைவுக்கு வர வேண்டும். ரிவெட்டின் தலையைப் பாருங்கள். அறுபது வருஷத் தகட்டில் நேற்று வாங்கிய பளபள ரிவெட் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் பயன்படாத ஓட்டைகள் இருந்தால், முன்பு அங்கே வேறு தகடு இருந்திருக்கலாம். தகட்டின் விளிம்பில் பெயிண்ட் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். இதில் ஒன்று மட்டும் இடித்தால் பெரிய குற்றம் இல்லை. நான்கும் இடித்தால் விலை பேசாதீர்கள்.

தகட்டைக் கழற்றி மாட்டலாம். ஆனால் சேஸிஸ் இரும்பிலேயே அடித்த எண்ணைக் கழற்ற முடியாது. எம்.ஜி. டி.சி.யில் அது இடப்பக்கச் சேஸிஸ் சட்டத்தின் முன்நுனியில் இருக்கும். இங்கேதான் கொச்சியின் உப்புக் காற்று விளையாடும். எண்ணின் மேல் துரு, துருவின் மேல் கிரீஸ், அதன் மேல் மூன்று தலைமுறைப் பெயிண்ட். பட்டறையில் ஒரு பையன் ஆர்வத்தில் கிரைண்டரை எடுத்தால் வண்டியின் பிறப்புச் சான்று பத்து நொடியில் தூளாகிவிடும். பெயிண்ட் ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். பிறகு வெள்ளைத் தாளை ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். ஆர்.டி.ஓ. வேலைகளுக்குப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்களே, அதே முறைதான். கண்ணுக்குத் தெரியாத எண் தாளில் வந்து நிற்கும்.

யாராவது வேண்டுமென்றே எண்ணைத் தேய்த்து அழித்திருந்தால்? அப்போதும் இரும்பு மறப்பதில்லை. பஞ்ச் அடிக்கும்போது எண்ணுக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்குகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த நசுக்கம் கொஞ்ச ஆழத்துக்கு மிச்சமிருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காப்பர் குளோரைடும் கலந்த கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு விதமாக அரிக்கப்படுவதால் பழைய எண் மெல்ல எழும்பி வரும். இது வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல, ஆய்வகத்தின் வேலை.

இதுவரை இரண்டு சாட்சிகள்: தகடு, சேஸிஸ் இரும்பு. மூன்றாவது, எஞ்சின். ஜாகுவார் தகட்டில் சேஸிஸ், எஞ்சின், பாடி, கியர்பாக்ஸ் என்று நான்கு எண்களும் இருக்கும். எஞ்சின் எண்ணை பிளாக்கிலும் சிலிண்டர் ஹெட்டிலும் தனித்தனியே அடித்திருப்பார்கள். அந்த எண்ணின் பின்னால் வரும் 7, 8 அல்லது 9 என்பது எஞ்சினின் அழுத்த விகிதம். நம் ஊரில் எஞ்சின் மாற்றுவது சகஜம். பாகம் கிடைக்காத காலத்தில் எது கிடைத்ததோ அதைப் பொருத்தி ஓட்டினார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

நான்காவது சாட்சி, தொழிற்சாலையின் பேரேடு. எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி வண்டிகளின் தயாரிப்புப் பதிவுகள் பலவும் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் அந்த வண்டி என்றைக்குச் செய்யப்பட்டது, என்ன நிறம், எந்த எஞ்சின் எண், எங்கே அனுப்பப்பட்டது என்று பேரேட்டில் உள்ளபடி சான்றிதழ் தருவார்கள். ஜாகுவாருக்கு இதே வேலையை ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் செய்கிறது. சிவப்பு வண்டி என்று விற்பவர் சொல்ல, பேரேடு பச்சை என்று சொன்னால், கதவின் உள்விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். சிவப்புக்கு அடியில் பச்சை இருந்தால் பேரேடும் வண்டியும் ஒத்துப்போகின்றன.

தமிழ்நாட்டு நேயர்களுக்கு நெருக்கமான ஒரு கதையும் இதில் உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டேதான். அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. பல பாகங்கள் பொதுவானவை. ஹெரால்டின் கூரை போல்ட் போட்டு இறுக்கியது, கழற்றினால் திறந்த வண்டி ஆகிவிடும். பிறகு பானட்டில் டிரையம்ப் என்ற எழுத்தை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? சென்னைத் தகட்டைப் படித்தால் உண்மை விளங்கிவிடும். என்னைக் கேட்டால், சென்னையில் பிறந்த ஹெரால்டு ஹெரால்டாகவே இருப்பதுதான் பெருமை. நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் இங்கே மட்டும்தான் செய்யப்பட்டது.

சரி, பாகங்கள் எல்லாம் மாறிவிட்டால் அது அதே வண்டிதானா? இந்தக் கேள்வி 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி வண்டி அது. ஓல்டு நம்பர் ஒன் என்று பெயர். ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி ஒப்பந்தம் ஆனது. பிறகு வாங்க வந்தவர்கள், பந்தயத்தில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே மிச்சம், இது அந்த வண்டியே அல்ல என்று பின்வாங்கினார்கள். நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பாகங்கள் ஒரே நாளில் மாறவில்லை, பந்தயத்துக்குப் பந்தயம் ஒவ்வொன்றாக மாறின. இடையில் அறுபடாத வரலாறு அந்த வண்டிக்கு இருக்கிறது, இன்னொரு வண்டி அந்தப் பெயருக்கு உரிமை கோரவும் இல்லை. அந்தத் தொடர்ச்சிதான் அதை வாழவைத்தது.

இங்கிலாந்தின் வாகனப் பதிவுத் துறை, பெரிதாக மாற்றிக் கட்டிய வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய நீண்ட காலம் புள்ளிக் கணக்கு ஒன்று வைத்திருந்தது. சேஸிஸுக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டு புள்ளி தேற வேண்டும். அந்தப் பட்டியலில் தகட்டுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

நம் நாட்டிலும் 2021 ஜூலையில் தனி விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டி விண்டேஜ் என்று கருதப்படும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பின் வி.ஏ. என்று வரும். மட்டாஞ்சேரி வண்டிகளின் கே.எல்.43 போல ஊரைச் சொல்லும் எண் அதில் கிடையாது. ஏற்கெனவே பதிவான பழைய வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய எண்ணும் வரலாற்றுக்கு ஒரு சாட்சிதான், விட்டுவிடாதீர்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. நான் கள்ளத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் கள்ளத்தால் தொலைந்த தகடுகளைவிட அசட்டையால் தொலைந்தவை அதிகம் என்பது என் எண்ணம். டிங்கரிங் நடக்கும்போது தகட்டைக் கழற்றி நட்டு போல்ட் டப்பாவில் போடுவார்கள். டப்பா இடம் மாறும், பழைய இரும்புக் கடைக்குப் போகும். இன்னொருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எழுத்தே தெரியாமல் பளபளப்பாக்கிப் பெருமையாகக் காட்டுவார். உங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்பா காலத்து வண்டி ஏதாவது நின்றால், எந்த வேலைக்கும் கொடுப்பதற்கு முன் தகட்டையும் சேஸிஸ் எண்ணையும் படம் எடுங்கள், பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள். தகட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டு பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். தகடு ஏற்கெனவே போய்விட்டதா? புதிது செய்து மாட்டுவதில் தவறில்லை. மாற்றுத் தகடு என்று காகிதத்தில் எழுதி, விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவர் அதற்காக விலையைக் குறைத்தால் குறைக்கட்டும். பின்னால் ஒரு நாள் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்க மாட்டார்.